இந்திய விமானி உரிமத்தை ஐரோப்பிய உரிமமாக மாற்றுவது எப்படி: நெல்லைச் சீமைப் பிள்ளைகளுக்கு

விடுமுறைக்கு அம்பாசமுத்திரம் வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு தம்பியோ தங்கையோ கேட்டுவிடுகிறார்கள்: "அக்கா, மூவாயிரம் மணி நேரம் பறந்தாயிற்று, கையில் ஏடிபிஎல் (விமான நிறுவன விமானிக்கான உயர்நிலை உரிமம்) இருக்கிறது. இதைக் காட்டினால் ஐரோப்பாவில் உரிமம் தந்துவிடுவார்களா?" தரமாட்டார்கள். பத்தாயிரம் மணி நேரம் பறந்த கேப்டனாக இருந்தாலும் ஐரோப்பிய ஏடிபிஎல்லுக்கான 13 எழுத்துத் தேர்வுகளையும் எழுதித் தேறியாக வேண்டும். இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏ தந்த வணிக விமானி உரிமத்தைத் தேர்வில்லாமல் மாற்றிக்கொள்ள இந்தியாவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையே ஒப்பந்தம் எதுவும் இல்லை. நீங்கள் பறந்த மணிகள் வேறு இடத்தில் கைகொடுக்கும்; தேர்வுக்கு ஈடாக அவற்றை யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

இதை முதலிலேயே அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் பிள்ளையை விமானியாக்க வயலை விற்ற குடும்பங்களை எனக்குத் தெரியும். அக்காள் தங்கைகளின் நகையெல்லாம் வங்கியில் அடகில் கிடந்த வீடுகளையும் தெரியும். அந்தக் கடன் அடைந்து முடியும் நேரத்தில்தான் பலருக்கு ஐரோப்பா நினைவு வருகிறது. "தேர்வெல்லாம் வேண்டாம், ஒரு சிமுலேட்டர் சோதனை போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் தரகர்களும் அப்போதுதான் வந்து சேருகிறார்கள். அவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அப்படி ஒரு வழி சட்டத்தில் கிடையாது.

நான் இந்தியாவில் ஏடிஆர் 72 என்ற டர்போபிராப் (சுழல்விசிறி) விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசராக, அதாவது துணை விமானியாக இருந்தவள். தூத்துக்குடி விமான நிலையமான வாகைக்குளம் ஓடுதளத்திலும் இறங்கியிருக்கிறேன். இப்போது ஆஸ்திரியா வழங்கிய ஐரோப்பிய உரிமத்தில் அதே வகை விமானத்தை ஓட்டுகிறேன். எந்த வேலையை எதற்கு முன் செய்ய வேண்டும் என்பதுதான் இந்த மாற்றத்தில் எல்லாமே. வரிசை மாறினால் காசும் காலமும் போகும்.

முதல் கேள்வி உரிமத்தைப் பற்றியதே அல்ல. ஐரோப்பாவில் வேலை செய்ய உங்களுக்கு உரிமை இருக்கிறதா? விமானி உரிமம் வேலை விசா ஆகாது. அங்குள்ள நிறுவனங்களின் விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் ஐரோப்பிய ஒன்றியத்தில் தடையின்றி வசிக்கவும் வேலை செய்யவும் உரிமை உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றே இருக்கும். என் கணவர் ஜெர்மனியில் செவிலியராக இருக்கிறார். குடும்ப இணைப்பு விசாவில் போனதால் எனக்கு வேலை அனுமதியும் சேர்ந்து கிடைத்தது. அந்த வசதி இல்லாதவர்கள் ப்ளூ கார்டு (தகுதி பெற்ற வெளிநாட்டவருக்கு ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த வேலை அனுமதி) வழியைப் பார்க்கலாம். அதற்கு முன்கூட்டியே வேலை தர ஒப்புக்கொண்ட நிறுவனம் வேண்டும்; டென்மார்க்கும் அயர்லாந்தும் அந்தத் திட்டத்தில் இல்லை. இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமல் தேர்வுக் கட்டணம் கட்டுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். லண்டனை மனத்தில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: 2021 தொடக்கத்திலிருந்து பிரிட்டன் இந்த அமைப்பில் இல்லை. அவர்களுடைய உரிமம் தனி, தேர்வும் தனி.

இரண்டாவது, மருத்துவச் சான்று. பாடத்துக்குப் பணம் கட்டும் முன்பே இதை முடித்துவிடுங்கள். பெங்களூரில் விமானப் படையின் மருத்துவ நிலையத்தில் வாங்கிய வகுப்பு 1 சான்று அங்கே செல்லாது. ஐரோப்பிய வகுப்பு 1 சான்றை முதல் முறை வாங்க, அவர்கள் அங்கீகரித்த வான்மருத்துவ மையத்துக்கே நேரில் போக வேண்டும். அடுத்தடுத்த புதுப்பித்தலுக்குத் தனி மருத்துவ ஆய்வாளர் போதும். இசிஜி, செவித்திறன், நுரையீரல், இரத்தம், சிறுநீர் எல்லாம் நமக்குப் பழகியவை. இவற்றோடு மனநல மதிப்பீடும், போதைப்பொருள், மது ஆகியவற்றுக்கான சோதனையும் உண்டு. 2015இல் பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் துணை விமானி ஒருவர் விமானத்தை வேண்டுமென்றே மோதியதற்குப் பிறகு இறுக்கப்பட்ட விதிகள் இவை. கேட்பதற்கு ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள்.

கண் பரிசோதனையில்தான் பலர் கலங்குகிறார்கள். கண்ணாடி போடுவது குற்றமில்லை. கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணும் 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 பார்த்தால் போதும். நிறப் பார்வைக்கு 24 தகடுகள் கொண்ட இஷிஹாரா புத்தகத்தின் முதல் 15 தகடுகளை வரிசை மாற்றிக் காட்டுவார்கள்; ஒன்றுகூடத் தவறக் கூடாது. தவறினாலும் அடுத்த கட்டச் சோதனைகள் இருக்கின்றன. பாளையங்கோட்டையிலோ மதுரையிலோ நல்ல கண் மருத்துவமனை ஒன்றில் இந்தச் சோதனையை முன்பே செய்து பார்த்துவிட்டுப் போனால் பயணச் செலவு வீணாகாது.

மருத்துவ மையத்துக்கு நாள் குறிக்கும் அந்த நேரத்தில்தான் மூன்றாவது முடிவும் தானாக வந்து நிற்கிறது: எந்த நாடு? ஈயாசா என்ற ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையின் தலைமையகம் ஜெர்மனியின் கொலோன் நகரில் இருக்கிறது. ஆனால் விமானி உரிமத்தை அது தருவதில்லை. அது விதி வகுக்கும் இடம். உரிமம் தருவது அந்தந்த நாட்டு ஆணையம்: ஜெர்மனிக்கு பிரவுன்ஷ்வைக் நகரில் இருக்கும் கூட்டாட்சி விமான அலுவலகம், ஆஸ்திரியாவுக்கு வியன்னாவின் ஆஸ்ட்ரோ கன்ட்ரோல், அயர்லாந்துக்கு டப்ளினில் உள்ள ஆணையம். எந்த நாடு தந்தாலும் ஒன்றியத்தின் 27 நாடுகளிலும், சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைனிலும் அது செல்லும். ஆனால் 13 தேர்வுகளையும் ஒரே நாட்டின் பொறுப்பில்தான் எழுத வேண்டும். உங்கள் மருத்துவக் கோப்பு எந்த ஆணையத்திடம் இருக்கிறதோ அந்த ஆணையமே உரிமம் தரும். மருத்துவத்தை ஒரு நாட்டிலும் தேர்வை இன்னொரு நாட்டிலும் வைத்துக்கொண்டால் பிறகு கோப்பை இடம் மாற்றும் வேலை தலையில் விழும். ஒரு நாட்டைத் தேர்ந்து, அதன் ஆணையத்துக்கு உங்கள் உரிமம், மணிகள், வகை விமானம் எல்லாவற்றையும் குறிப்பிட்டு மின்னஞ்சல் எழுதி, என்னென்ன தேவை என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பதிலைப் பத்திரமாக வையுங்கள். நான் ஆஸ்திரியாவைத் தேர்ந்ததற்குத் தேர்வு முழுவதையும் ஆங்கிலத்திலேயே எழுதலாம் என்பது முக்கியக் காரணம்.

அடுத்து வருவது நம் ஊர்க்காரர்களுக்கே உரிய ஒரு சிக்கல்: பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பள்ளிச் சான்றிதழில் "சு. இசக்கியம்மாள்" என்றிருக்கும். கடவுச்சீட்டில் அதே பெண் "இசக்கியம்மாள் சுடலைமுத்து" ஆகியிருப்பாள். டிஜிசிஏ உரிமத்தில் முன்னெழுத்து பெயருக்குப் பின்னால் போயிருக்கும். சில வீடுகளில் ஊர்ப் பெயருக்கு ஓர் எழுத்து, அப்பா பெயருக்கு ஓர் எழுத்து என்று இரண்டு இருக்கும். திருமணமானபின் கணவர் பெயரைச் சேர்த்தவர்களுக்கு இன்னொரு வடிவமும் கூடும். ஐரோப்பியப் படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம். இரண்டையும் நிரப்பாமல் விண்ணப்பம் நகராது. அங்கே மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த மூன்று பெயர்களும் மூன்று பேர்.

ஆகவே கடவுச்சீட்டை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதற்கு இசைவாக்குங்கள். முன்னெழுத்தை விரித்து, குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரோ கணவர் பெயரோ வரும்படி கடவுச்சீட்டை மறுபடி வாங்குவது நல்லது. அதற்குப் பிறகு டிஜிசிஏ உரிமத்தில் திருத்தம் கேளுங்கள். பழைய சான்றிதழ்களுக்கு, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எழுதி ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காவல்துறை நன்னடத்தைச் சான்றையும் இதே பெயரில் வாங்குங்கள். விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் கடந்த ஆண்டுகளின் முகவரி ஒவ்வொன்றையும் கேட்பார்கள். பயிற்சிப் பள்ளி விடுதி, முதல் வேலையில் பகிர்ந்திருந்த வீடு எல்லாவற்றையும் இப்போதே தேதியோடு எழுதி வையுங்கள்.

டிஜிசிஏவிடம் உரிமச் சரிபார்ப்பு கோர வேண்டும். அந்தக் கடிதம் டெல்லியிலிருந்து நேராக ஐரோப்பிய ஆணையத்துக்குப் போக வேண்டும். உங்கள் கைக்கு வந்து நீங்கள் அனுப்பினால் ஏற்கமாட்டார்கள். இதற்குக் காலம் பிடிக்கும் என்பதால் தேர்வுக்குப் படிக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

இனி தேர்வு. விமானச் சட்டம், விமான அமைப்பும் எந்திரங்களும், கருவியியல், எடையும் சமநிலையும், செயல்திறன், பயணத் திட்டம், மனிதத் திறனும் வரம்பும், வானிலையியல், பொது நாவிகேஷன், ரேடியோ நாவிகேஷன், இயக்க நடைமுறைகள், பறத்தலின் கோட்பாடுகள், வானொலித் தகவல் தொடர்பு. எல்லாம் கணினியில் விடை தேர்ந்தெடுக்கும் வகை. நம் நாட்டில் 70 விழுக்காடு தேர்ச்சி, அங்கே 75. முதல் தாள் எழுதிய மாதத்தின் கடைசி நாளிலிருந்து 18 மாதத்துக்குள் பதின்மூன்றையும் முடிக்க வேண்டும். ஒரு தாளுக்கு நான்கு முயற்சிகள்தான். நான்காவதிலும் தவறினால், அல்லது காலம் கடந்தால், தேறிய தாள்கள் உட்பட எல்லாவற்றையும் மீண்டும் முதலிலிருந்து எழுத வேண்டும். அதனால் ஆழம் பார்ப்பதற்காக ஒரு தாளை முன்கூட்டி எழுதிவிடாதீர்கள். அந்த நாளிலிருந்தே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும்.

தனியாகப் படித்துத் தேர்வுக்குப் போக முடியாது. அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனம் ஒன்றின் பரிந்துரை வேண்டும். புதியவர்களுக்கு 650 மணி நேரப் பாடம். வேறு நாட்டு உரிமம் உள்ளவர்களுக்கு அதைக் குறைக்க இடமுண்டு. எவ்வளவு என்பதை நிறுவனமும் ஆணையமும் முடிவு செய்யும். தொலைநிலைப் பாடத்திலும் பத்தில் ஒரு பங்காவது வகுப்பறைப் பாடமாக இருக்க வேண்டும். நிறுவனத்தின் பெயர் அந்த நாட்டு ஆணையம் வெளியிடும் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். பணம் அனுப்ப வங்கியில் ஏ2 படிவம் கேட்பார்கள்.

படிக்கும் முறையைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. கேள்வி வங்கியை மனப்பாடம் செய்வது நம் பிள்ளைகளுக்கு எளிது, அதில் பலர் தேறியும் விடுகிறார்கள். ஆனால் பிறகு வேலைக்கான நேர்முகத்தில் ஒரு தலைமை விமானி எதிரே உட்கார்ந்து "ஏன்?" என்று கேட்கும்போது அந்தப் படிப்பு உதவுவதில்லை. பாடத்தை நீங்கள் பார்த்த இடத்தோடு கட்டிப் படியுங்கள்.

வானிலையில் ஃபோன் காற்று என்று ஒரு பகுதி வரும். ஆல்ப்ஸ் மலையை வைத்து விளக்குவார்கள். நமக்கு ஆல்ப்ஸ் தேவையில்லை. ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மலையேறும்போது ஈரத்தைக் கொட்டுகிறது. ஈரக்காற்று ஏறும்போது ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 1.8 டிகிரி குளிரும். மலையைத் தாண்டி நம் பக்கம் உலர்ந்து இறங்கும்போது ஆயிரம் அடிக்கு 3 டிகிரி சூடேறும். 5,000 அடி என்று வைத்துக்கொண்டால் ஏறும்போது இழந்தது 9, இறங்கும்போது பெற்றது 15. ஆறு டிகிரி கூடுதல் வெப்பத்தோடு அந்தக் காற்று நெல்லைக்கு வந்து சேருகிறது. செங்கோட்டைக் கணவாயில் மட்டும் மலை தாழ்ந்திருப்பதால் குற்றாலத்தில் சாரல், சற்றுக் கிழக்கே வந்தால் புழுதி. இதைப் புரிந்துகொண்டவருக்கு இன்ஸ்புருக் விமான நிலையத்தில் தெற்குக் காற்று ஏன் ஆபத்து என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

பொது நாவிகேஷனில் கன்வர்ஜென்சி கணக்கு, அதாவது தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி ஒன்றையொன்று நெருங்கும் கோணத்தின் கணக்கு, நம்மவர்களைத் தடுமாற வைக்கும். தீர்க்கரேகை வேறுபாட்டை அட்சரேகையின் சைன் மதிப்பால் பெருக்குவதுதான் சூத்திரம். திருநெல்வேலி ஏறத்தாழ 8.7 டிகிரி வடக்கில் இருக்கிறது. 10 டிகிரி கிழக்கே போனால் கிடைப்பது 1.5 டிகிரி. வியன்னாவின் அட்சரேகை 48.2; அங்கே அதே 10 டிகிரிக்கு 7.5. நம் வானத்தில் கவனிக்கவே தேவைப்படாத ஒன்று அங்கே கணக்கில் வந்து உட்காருகிறது. தேர்வில் இதற்கு இவ்வளவு இடம் தந்திருப்பதன் காரணம் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்தால் விளங்கும்.

செயல்திறன் தாளுக்கு வாகைக்குளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நீட்டிப்பதற்கு முன் அந்த ஓடுதளம் சுமார் 1,350 மீட்டர். ஐரோப்பிய விதிப்படி, டர்போபிராப் விமானம் இருக்கும் நீளத்தில் 70 விழுக்காட்டுக்குள் இறங்கி நிற்க வேண்டும். ஜெட் என்றால் 60. ஆக ஏடிஆருக்கு 945 மீட்டர், ஜெட்டுக்கு 810. ஓடுதளம் ஈரமாக இருந்தால் தேவையான நீளம் 15 விழுக்காடு கூடும். அந்த ஊருக்குப் பெரிய ஜெட் வராமல் ஏடிஆர் போன்ற டர்போபிராப் விமானங்களே வந்துகொண்டிருந்ததை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

நமக்கு முற்றிலும் புதியவை உறைபனி, உறையும் மழை, வெப்ப முகப்பு, குளிர் முகப்பு, வட அட்லாண்டிக் வான்வழி நடைமுறைகள். இவற்றுக்குக் கூடுதல் நாட்களை ஒதுக்குங்கள். சட்டத் தாளையும் இயக்க நடைமுறைத் தாளையும் அனுபவத்தை நம்பிப் போகாதீர்கள். நம் விதிகளோடு ஒத்திருப்பதுபோல் தோன்றும் இடங்களில்தான் எண்கள் மாறியிருக்கும்.

தேர்வுக்குப் போய்வர ஷெங்கன் விசா போதும். 180 நாளில் 90 நாளுக்கு மேல் அங்கே தங்க முடியாது என்பதை மனத்தில் வைத்து அமர்வுகளைத் திட்டமிடுங்கள். விசாவுக்குச் சென்னை போக வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் எழும்பூர். பயிற்சி நிறுவனத்தின் கடிதமும் தேர்வுப் பதிவும் கையில் இருக்கட்டும்.

இப்போது உங்கள் பறப்பு மணிகள் உதவிக்கு வரும் இடத்துக்கு வந்துவிட்டோம். முழு ஏடிபிஎல் வேண்டுமானால் மொத்தம் 1,500 மணி. அதில் இரண்டு விமானிகள் சேர்ந்து ஓட்டும் பல விமானி இயக்கத்தில் 500, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பறந்தது 200, கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் கருவிப் பறப்பு 75, இரவில் 100. தலைமை விமானியாகவோ, கேப்டன் மேற்பார்வையில் அந்தப் பொறுப்பிலோ பறந்ததற்கும் தனிக் கணக்கு உண்டு. மேற்பார்வையில் பறந்தது ஒவ்வொன்றுக்கும் கேப்டன் கையொப்பம் லாக்புக்கில் இருக்க வேண்டும். அந்தக் கேப்டன் வேறு நிறுவனத்துக்குப் போனபின் தேடி அலைய முடியாது; மாதந்தோறும் வாங்கிவிடுங்கள். சிறு ஊர்களுக்குப் பகலிலேயே பறக்கும் ஏடிஆர் விமானிகள் இரவு மணியைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள். மொத்தம் இரண்டாயிரத்தைத் தாண்டியும் இரவு நூறு எட்டாதவர்கள் இருக்கிறார்கள். 1,500 இல்லாதவர்கள் அஞ்ச வேண்டாம். சிபிஎல் என்ற வணிக விமானி உரிமமும் கருவிப் பறப்புத் தகுதியும் வாங்கிக்கொண்டு, ஏடிபிஎல் தேர்வுத் தேர்ச்சியைக் கையிருப்பில் வைத்து வேலையில் சேரலாம்.

டைப் ரேட்டிங்கையும், அதாவது ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டும் தகுதியையும், அப்படியே கொண்டுபோக, அந்த வகை விமானத்தில் 500 மணி நேரமாவது விமானியாகப் பறந்திருக்க வேண்டும். அது நடப்பிலும் இருக்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், 450 மணியில் அவசரப்பட்டு வேலையை விடாதீர்கள். அந்த ஐம்பது மணிக்காகப் புதிதாக முழு டைப் ரேட்டிங் படிப்புக்குப் பணம் கட்ட நேரும்.

திறன் சோதனை அந்த வகை விமானத்தின் சிமுலேட்டரில், ஐரோப்பியச் சோதனையாளர் முன்னிலையில் நடக்கும். ஏடிஆருக்கு துலூஸ் நகரில் சிமுலேட்டர் இருக்கிறது. புறப்படும் வேகத்தில் ஒரு எஞ்சின் நின்றுபோவது, ஒற்றை எஞ்சினில் இறங்க வந்து மீண்டும் மேலேறுவது, புறப்பாட்டைக் கைவிடுவது, செயற்கைக்கோள் வழிகாட்டும் ஆர்என்பி அணுகுமுறை எல்லாம் வரும். உயரத்தில் 100 அடி, இரு எஞ்சினும் ஓடும்போது திசையில் 5 டிகிரி, வேகத்தில் 5 நாட். இவற்றைத் தாண்டக் கூடாது. எஞ்சின் நின்றபின் திசைக்கு 10 டிகிரி வரை இடம் தருவார்கள். வேகம் 10 நாட் கூடலாம், 5 நாட்டுக்கு மேல் குறையக் கூடாது. எஞ்சின் கோளாறைவிட இருவரும் பேசிக்கொள்ளும் முறையைத்தான் சோதனையாளர் உன்னிப்பாகப் பார்க்கிறார். நம்மில் கேப்டனை "சார்" என்று கூப்பிட்டுத் தயங்கிப் பழகிய பெண்களும் ஆண்களும் அங்கே விலகலைக் கண்டதும் உடனே, தெளிவாக, உரக்கச் சொல்லிப் பழக வேண்டும். ஒரு நாள் முன்னதாகப் போய்ப் பயிற்சி அமர்வு ஒன்று எடுத்துக்கொள்வதற்கு ஆகும் செலவை நான் ஒருபோதும் வீண் என்று சொல்லமாட்டேன்.

ஆங்கிலத் தேர்ச்சியில் குறைந்தது நிலை 4 வேண்டும். அது நான்கு ஆண்டு செல்லும், நிலை 5 ஆறு ஆண்டு, நிலை 6 காலவரையற்றது.

கடைசியாக, இந்திய வேலையை விடும் நேரம். 2017 முதல் டிஜிசிஏ விதிப்படி கமாண்டர்கள் ஓராண்டும் துணை விமானிகள் ஆறு மாதமும் முன்னறிவிப்புத் தர வேண்டும். ஐரோப்பிய நிறுவனம் "அடுத்த மாதம் வர முடியுமா?" என்று கேட்கும்போது இதை ஒளிக்காமல் சொல்லுங்கள், எழுத்துத் தேர்வுகள் முடிந்தவுடன் கணக்குப் போட்டுக் கடிதம் கொடுங்கள். நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் பயிற்சிச் செலவுப் பிணை மீதமிருக்கிறதா என்றும் பாருங்கள். ஐரோப்பிய உரிமம் கைக்கு வரும்வரை இந்திய உரிமம், மருத்துவச் சான்று, டைப் ரேட்டிங் மூன்றில் ஒன்றுகூடக் காலாவதியாக விடாதீர்கள். மாற்றம் முழுவதும் அவற்றின் மேல்தான் நிற்கிறது. புதுப்பிக்கும் தேதிகளைத் தேர்வுத் தேதிகளோடு ஒரே காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.